ஹவுன்ஸ்லோவில் பிறந்தால் பாடகி, கீழ்ப்புத்துப்பட்டில் பிறந்தால் அகதியா?

லண்டனின் மேற்குப் பக்கம் ஹவுன்ஸ்லோ என்று ஓர் ஊர். 1975 ஜூலை 18 அன்று அங்கே ஒரு யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மாதங்கி என்று பெயர் வைத்தார்கள். எங்கள் கிளியனூரிலிருந்து கிழக்கே கடற்கரைப் பக்கம் போனால் கீழ்ப்புத்துப்பட்டு. அங்கே இருக்கிற இலங்கைத் தமிழர் முகாமில் தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. வளர்ந்த பிறகு அவன் எங்கள் மைக் செட் கடைக்கு வேலைக்கு வந்தான்.

இரண்டு பேருமே ஈழத்துத் தாய்க்குப் பிறந்தவர்கள். யுத்தம்தான் இரண்டு குடும்பத்தையும் ஊர்விட்டு ஊர் துரத்தியது. அந்தப் பெண் இன்று எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அறிந்த ராப் பாடகி. இந்தப் பையன் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாகச் சாரத்தில் நிற்கிறான். யாருக்குத் திறமை அதிகம் என்று அளந்து பார்க்க நான் இதை எழுதவில்லை. பிறந்த மண் இந்த இருவருக்கும் என்ன கொடுத்தது, என்ன கொடுக்கவில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

திண்டிவனம் - புதுச்சேரி சாலையை ஒட்டி நாங்கள் காலகாலமாக மைக் செட் போடுகிறவர்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற திருவிழா, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், சாவு வீடு, எல்லாவற்றுக்கும் எங்கள் டெம்போ போகும். முகாமில் கல்யாணம் என்றாலும் நாங்கள்தான். அப்படிப் போன இடத்தில்தான் அந்தப் பையன் பழக்கமானான். பள்ளிக்கூடம் முடித்த கையோடு லீவில் வயர் சுற்ற வந்தவன், சில மாதத்திலேயே மிக்ஸரில் உட்கார்ந்துவிட்டான். பேஸ் எங்கே இரைகிறது, எந்த பாக்ஸில் கோன் கிழிந்திருக்கிறது என்று தூரத்தில் நின்றே சொல்வான். ரிதம் பேட் வாசிக்க அவனாகவே கற்றுக்கொண்டான்.

ஒரு அம்மன் கோயில் திருவிழாவில், சாமி புறப்பாட்டுக்கு முன்னால் செட்டைச் சோதித்துப் பார்க்க அவன் போனிலிருந்து ஒரு பாட்டைப் போட்டான். இங்கிலீஷ் பாட்டு. ஆனால் அடியில் ஓடிய தாளம் எனக்குத் தெரிந்த தாளம். ஒரு பக்கம் குச்சியால் தேய்க்க, மறுபக்கம் அடிக்க, உறுமி இழுத்து இழுத்துக் கொட்டியது. மேளம் கட்டிக்கொண்டு நின்றிருந்த உறுமிக்காரர் பாக்ஸ் அருகில் வந்து குனிந்து கேட்டார். “இது நம்ம உறுமிதானே, யார் வாசிச்சது?” என்றார். “லண்டன்ல இருக்கிற நம்ம ஆள் பாட்டுண்ணே, மெட்ராஸ்ல வந்து ரெக்கார்டிங் பண்ணினாங்க” என்று பையன் சொன்னான். அவன் போட்டது ‘பேர்ட் ஃப்ளூ’. எம்.ஐ.ஏ. என்ற பெயரை அன்றுதான் முதலில் கேட்டேன்.

அப்புறம் அவன் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். ‘பாம்பூ பாங்கா’ என்ற பாட்டுக்குள், ‘தளபதி’ படத்தில் இளையராஜா போட்ட ‘காட்டுக்குயிலு’ பாட்டின் துண்டு வருகிறது. அந்தப் படத்துப் பாட்டை ஆயிரம் தடவை குழாயில் போட்டிருக்கிறேன். அதே ஓசை ஒரு லண்டன் பெண்ணின் பாட்டுக்குள் இருந்து வந்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. இந்த இரண்டு பாட்டும் 2007-இல் வந்த ‘கலா’ என்ற ஆல்பத்தில் உள்ளவை. கலா என்பது அவருடைய அம்மாவின் பெயர். அதற்கு முன் 2005-இல் வந்த முதல் ஆல்பத்துக்கு ‘அருளர்’ என்று அப்பாவின் பெயரை வைத்தார். ஈழத்து வாசகர்களுக்கு அருளரைத் தெரியும். ஈரோஸ் என்ற ஈழப் போராளி இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1977 கலவரத்தில் கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிச் சென்ற கப்பலை வைத்து ‘லங்கா ராணி’ நாவலை எழுதியவர்.

மாதங்கி பிறந்த ஆறாம் மாதமே குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பிவிட்டது. அப்பா இயக்கத்தில் இருந்ததால் வீட்டில் தங்குவதில்லை. எப்போதாவது வந்தாலும் ‘மாமா’ என்று சொல்லித்தான் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். பிள்ளைகள் வாய் தவறிச் சொல்லிவிட்டால் உயிருக்கு ஆபத்து. யுத்தம் முற்றியபோது கலா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வந்தார். இடிந்த நிலையில் கிடந்த ஒரு வீட்டில் குடியிருந்தார்கள். பிறகு மறுபடி யாழ்ப்பாணம். 1986-இல், மாதங்கிக்குப் பதினோரு வயது நிறைகிற சமயத்தில், லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். மிச்சம் என்ற பகுதியில் அரசாங்கக் குடியிருப்பில் வீடு. அம்மாவுக்குத் தையல் வேலை.

அந்தப் பிள்ளை அங்கே பள்ளிக்கூடம் போனது. பிறகு லண்டனின் பெயர்பெற்ற கலைக் கல்லூரியான சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் படித்தது. பாட்டு அதற்கப்புறம்தான். முதல் பாட்டுகளை அவர் எதை வைத்துச் செய்தார் என்று தொழில்காரனான நான் தேடித் தெரிந்துகொண்டேன். ரோலண்ட் எம்.சி.-505 என்ற ஒரு தாளப்பெட்டி, யாரோ பயன்படுத்தி விற்ற ஒரு நாலு டிராக் டேப் மிஷின், ஒரு ரேடியோ மைக். எங்கள் கடைக்குள் கிடக்கிற சாமான் அதைவிட அதிகம். 2003-இல் ‘கலாங்’ என்ற பாட்டை 500 தட்டுதான் அடித்தார்கள். அதுவே கைமாறிக் கைமாறிப் பரவி, ஒரு பெரிய நிறுவனம் கூப்பிட்டு ஒப்பந்தம் போட்டது.

‘கலா’வுக்கான வேலை தொடங்கிய 2006-இல் அமெரிக்க விசா கிடைப்பதில் அவருக்குச் சிக்கல் வந்தது. முடங்கிப்போகாமல், இருக்கிற பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஜமைக்கா, ஆஸ்திரேலியா என்று போய் அங்கங்கே பதிவு செய்தார். உறுமி உள்ளே வந்தது அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து வந்து பிழைக்கிறவனைக் கொள்ளைக்காரனாகவே பார்க்கிற பார்வையை எடுத்து அவர் செய்த ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008-இல் அமெரிக்காவின் பில்போர்டு வரிசையில் 4-ஆம் இடம் வரை ஏறியது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் அந்தப் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். அதே படத்தில் ஏ.ஆர்.ரஹ்மானோடு சேர்ந்து செய்த ‘ஓ சாயா’ பாட்டுக்காக இருவரும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள்.

2009 பிப்ரவரி 8 அன்று கிராமி விழா. நிறைமாதக் கர்ப்பிணி. அந்த வயிற்றோடு மேடையேறிப் பாடினார். அந்த வாரங்களில் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. இங்கே, போரை நிறுத்தச் சொல்லி முத்துக்குமார் சென்னையில் தீக்குளித்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, எங்கள் மக்கள் சாகிறார்கள் என்று இந்தப் பெண் சொன்னார். பயங்கரவாதத்துக்கு ஆதரவாகப் பேசுகிறார் என்று பலர் திட்டினார்கள். அவர் பேச்சை நிறுத்தவில்லை.

2019-இல் பிரிட்டன் அரசு அவருக்கு எம்.பி.இ. விருது அறிவித்தது. அப்போது அவர் சொன்ன ஒரு விஷயம் என்னை உலுக்கிவிட்டது. 1986-இல் லண்டன் வந்ததிலிருந்து அவருடைய அம்மா செய்த தையல் வேலை, அரண்மனை கொடுக்கிற இந்தப் பதக்கங்களுக்கான நாடாவைக் கையால் தைப்பது. வருஷக்கணக்கில் யார் யார் நெஞ்சிலோ குத்துவதற்காக அந்தத் தாய் தைத்தார். கடைசியில் ஒரு நாடா தன் மகளின் நெஞ்சுக்கே வந்தது.

இந்த இடத்தில்தான் வாசகர்களை நிறுத்திக் கேட்கிறேன். இது எப்படி நடந்தது? திறமை, உழைப்பு, அம்மாவின் வைராக்கியம், எல்லாம் உண்மை. ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு காரணம் இருக்கிறது. 1983-க்கு முன்பு பிரிட்டனில் பிறந்த ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் பிறப்பாலேயே அந்த நாட்டுக் குடியுரிமை உண்டு. ஹவுன்ஸ்லோவில் பிறந்த ஒரே காரணத்தால் அது மாதங்கிக்கும் கிடைத்தது. அப்பா எந்த இயக்கத்தில் இருந்தாலும், அம்மா எந்த நாட்டிலிருந்து வந்திருந்தாலும், அந்தப் பிள்ளை அந்த மண்ணின் பிள்ளை. பிற்பாடு பிரிட்டன் சட்டத்தை இறுக்கிவிட்டது. இறுக்கிய 1981 சட்டத்திலேயே ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள்: அங்கே பிறந்து பத்து வயது வரை அங்கேயே வளர்ந்த குழந்தை, பெற்றோரின் நிலை என்னவாக இருந்தாலும், குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளலாம்.

நம் நாட்டிலும் இந்த நியாயம் இருந்தது. 1955 குடியுரிமைச் சட்டப்படி இந்தியாவில் பிறந்தவர் இந்தியர். அசாமில் எழுந்த குடியேற்றப் பிரச்சினையை ஒட்டி அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்கு, அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றானது. 2004 டிசம்பரிலிருந்து இன்னும் இறுகியது. அசாமை நினைத்துப் போட்ட தாழ்ப்பாள் மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் கீழ்ப்புத்துப்பட்டிலும் இருக்கிற முகாம்களில் பிறந்த பிள்ளைகள் மேல் விழுந்தது.

இரண்டே வருஷம் எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்கிறது என்று பாருங்கள். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், பாஸ்போர்ட் கேட்டு நீதிமன்றம் போனார். அவர் பிறப்பால் இந்தியரே என்று 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில் அவர் முதல் முறையாக ஓட்டுப் போட்டார். படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதே முகாமில் 1988-இல் பிறந்த தங்கச்சி ஒருத்தி இருந்தால் அவளுக்கு அந்த விரல் மை கிடையாது. இதில் என்ன நியாயம் இருக்கிறது?

எங்கள் கடைப் பையன் கதைக்கு வருகிறேன். அவன் வாசிப்பைக் கேட்ட ஒரு மெல்லிசைக் குழு, மலேசியாவில் கச்சேரிக்குக் கூப்பிட்டது. ரிதம் பேடுக்கு ஆள் வேண்டும், சம்பளம் இவ்வளவு, டிக்கெட் எங்கள் செலவு, பாஸ்போர்ட் நகலை மட்டும் அனுப்பு என்றார்கள். அவன் அந்த வாட்ஸ்அப் செய்தியை என்னிடம் காட்டினான். என்ன பதில் போட்டான் என்று நான் கேட்கவில்லை. வேறொரு பையன் போனான். அடுத்து ஒரு வருஷம் போல இவன் எங்களோடு இருந்தான். பிறகு, “பெயிண்டிங்ல தினக்கூலி கூடவே கிடைக்குதுண்ணே, வீட்ல தங்கச்சி காலேஜ் போகுது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். முகாமில் ஆண்களுக்குக் காலகாலமாகக் கையில் ஒட்டிக்கொண்ட வேலை பெயிண்டிங்தான். இன்ஜினீயரிங் முடித்தவர்களும் அதே சாரத்தில் ஏறுகிறார்கள். அரசு வேலைக்கு மனுப் போட முடியாது. நல்ல கம்பெனியில் குடியுரிமைச் சான்று கேட்டால் பதில் இல்லை.

தமிழ்நாட்டு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தார்கள். 7,469 வீடுகள் புதிதாகக் கட்ட முடிவானது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று பணக்கொடையை உயர்த்தினார்கள். அகதி முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. மழையில் ஒழுகுகிற பத்துக்குப் பத்து குடிசையில் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை. அன்று சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர், முகாமுக்கு வெளியே 34,087 பேர். இவர்களில் இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே சத்துணவு சாப்பிட்டு, பத்தாவது பன்னிரண்டாவது எழுதி வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குப் பிள்ளைகளும் பிறந்துவிட்டன. மூன்றாம் தலைமுறையும் அகதி.

2019-இல் மத்திய அரசு குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு வழி திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. மதத்தால் பிரித்துப் பார்த்தது தவறு என்பது என் கருத்து. அதைத் தள்ளி வைத்தாலும், கண்முன்னால் ஊர்விட்டு ஓடிவந்த தமிழனை ஏன் விட்டார்கள் என்ற கேள்விக்கு இன்றுவரை எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று 2025-இல் ஒரு விலக்கு கொடுத்தார்கள். நல்லது. ஆனால் ஜெயிலில் போடமாட்டோம் என்பது வேறு, நீ எங்கள் ஆள் என்பது வேறு.

எதிர்த்துப் பேசுகிறவர்கள் சொல்வதையும் நான் கேட்டிருக்கிறேன். முதலாவது, பாதுகாப்பு. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட கொடுமையை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் முகாம்களில் கெடுபிடி கூடியது. கியூ பிராஞ்ச் போலீஸ் கண்காணிப்பு, வருகைப் பதிவு, வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போவது, எல்லாம் பழக்கமாயின. ஆனால் அந்த நாளுக்குப் பல வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளைக்கு அதில் என்ன பங்கு? அதோடு, நாற்பது வருஷமாக விரல் ரேகை முதல் குடும்பப் படம் வரை அரசாங்கத்தின் கையில் இருக்கிற மக்கள் இவர்கள். இவர்களைப் போல் விசாரிக்கப்பட்டவர்கள் இந்த நாட்டில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, 2009-இல் யுத்தம் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே என்பது. போக விரும்புகிறவர்களுக்குக் கப்பலோ விமானமோ ஏற்பாடு செய்து மரியாதையாக அனுப்பி வைப்போம். ஆனால் கீழ்ப்புத்துப்பட்டில் பிறந்தவன் எங்கே திரும்புவது? அவன் பார்த்த ஊர் இதுதான். கையில் குடியுரிமை இருந்தால்தான் துணிந்து போகவும் முடியும், வரவும் முடியும். இதற்கு ஓர் உதாரணம் ஐரோப்பாவில் இருக்கிறது. இன்று உலகமே கேட்கிற பாடகி துவா லீபா அல்பேனிய இனத்துப் பெண். பெற்றோர் 1992-இல் கொசோவோவிலிருந்து லண்டன் வந்தவர்கள். அப்பா ஊரில் ராக் பாடகர். மகள் 1995-இல் லண்டனில் பிறந்தாள். 2008-இல் கொசோவோ சுதந்திரம் அறிவித்ததும் குடும்பம் பிரிஷ்டினாவுக்கே திரும்பிப் போனது. பாட்டுதான் தன் வழி என்று முடிவு செய்த மகள், பதினைந்து வயதில் தனியாக லண்டனுக்குத் திரும்பி வந்தாள். பிற்பாடு அப்பாவும் மகளும் பிரிஷ்டினாவில் பெரிய இசைத் திருவிழா நடத்தத் தொடங்கினார்கள். இரண்டு ஊரும் அவளைச் சொந்தம் கொண்டாடுகின்றன. அதே பிரிஷ்டினாவில் 1990-இல் பிறந்த ரீட்டா ஓராவும் கைக்குழந்தையாக லண்டன் வந்து பாடகியானவர்தான். வாழவிட்ட ஊருக்கும் பூர்வீக ஊருக்கும் இவர்களால் பெருமையே தவிர நஷ்டம் ஏதும் இல்லை.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: உங்கள் எம்.ஐ.ஏ. என்னென்னவோ பேசுகிறாரே என்று. உண்மைதான். தடுப்பூசி பற்றி அவர் 2020-இல் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டுதான் நான் கடையைத் திறந்தேன். அவரைக் குடிமகளாக வைத்திருக்கிற நாடு அவர் சொல்வதையெல்லாம் ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஆனால் நினைத்ததைச் சொல்லவும், தவறாகச் சொல்லவும், திட்டு வாங்கிக்கொண்டு அடுத்த பாட்டைப் போடவும் அவருக்கு இடம் இருக்கிறது. முகாமில் இருக்கிற பையன் ஒரு பாட்டில் கொஞ்சம் காரமாக ஒரு வரி எழுதிவிட்டால், விசாரணை வருமோ, அப்பாவுக்குத் தொந்தரவு ஆகுமோ என்று அழித்துவிடுகிறான். எங்கள் பையனும் ராப் எழுதினான். எனக்கு மட்டும் பாடிக் காட்டினான். போனில் பதிந்துகொள்ளட்டுமா என்றேன், வேண்டாம் என்றான்.

என்ன செய்ய வேண்டும் என்று மூன்று விஷயம் சொல்கிறேன். இந்த மண்ணில் பிறந்து, தொடர்ந்து பத்து வருஷம் இங்கேயே வளர்ந்த முகாம் பிள்ளைகள் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள நாடாளுமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டும். பிரிட்டனில் இருக்கிற வாசலை நாமும் திறக்கலாம். அது வரும்வரை, திபெத்திய அகதிகளுக்கு இந்திய அரசு கொடுக்கிற அடையாளச் சான்று போன்ற பயண ஆவணத்தை இவர்களுக்கும் தாராளமாகக் கொடுக்க வேண்டும். அதை வைத்து திபெத்தியர்கள் வெளிநாடு போய்ப் படிக்கிறார்கள், பாடுகிறார்கள், திரும்புகிறார்கள். தமிழனுக்கு மட்டும் ஏன் தயக்கம்? மூன்றாவது, நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் ஒன்றாக நின்று இதைக் கேட்க வேண்டும். ஓட்டுக் கேட்க எங்கள் மைக்கில்தான் பேசுகிறார்கள். ஈழத்துக்காகக் கண்ணீர் விடாத மேடையை நான் பார்த்ததில்லை. அந்தக் கண்ணீருக்கு உரியவர்கள் இருபது, முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறார்கள். ஓட்டு இல்லாததால்தான் அவர்கள் வாசலுக்குப் பிரசார வண்டி போவதில்லை.

சென்னைக்கு வந்து இடிந்த வீட்டில் தங்கிய அந்த கலா அம்மா அங்கேயே இருந்துவிட்டிருந்தால், அவருக்கு 1987-க்குப் பிறகு இங்கே இன்னொரு பிள்ளை பிறந்திருந்தால், அந்தப் பிள்ளை இன்று எங்கே இருக்கும்? ஏதோ ஒரு முகாமில் பணக்கொடைக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும். ஒரே தாய், ஒரே ரத்தம், ஒரே திறமை. பிறந்த ஊரும் அந்த ஊரின் சட்டமும் மட்டுமே வேறு. பிள்ளைகள் பிறக்கிற ஊரை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. சட்டத்தை நாம் தேர்ந்தெடுக்கிறோம். அதை மாற்றுகிற அதிகாரம் ஓட்டு வைத்திருக்கிற நம்மிடம்தான் இருக்கிறது. அடுத்த தேர்தலில் எங்கள் செட்டில் ஏறிப் பேச வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் இதை நேராகக் கேட்கப்போகிறேன். நீங்களும் கேளுங்கள்.